ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய 0.8

18 வருசமாகக் கணக்கு வாத்தியார் வேலை. எட்டாம் வகுப்பில் நேர் மாறல், எதிர் மாறல் என்று ஒரு பாடம் வரும். 5 நோட்டு 200 ரூபாய் என்றால் 8 நோட்டு எவ்வளவு, 6 பேர் 10 நாளில் அறுக்கும் வயலை 4 பேர் எத்தனை நாளில் அறுப்பார்கள் என்று கரும்பலகை நிறைய எழுதிப் போடுவேன். ஒன்று கூடினால் இன்னொன்றும் அதே விகிதத்தில் கூடும், நடுவில் மாறாமல் நிற்பதுதான் மாறிலி என்று சொல்லி, மாறிலியைக் கண்டுபிடிக்காத பயல்களின் காதைத் திருகவும் செய்திருக்கிறேன். அந்தக் காலத்தில் திருகலாம். அப்பேர்ப்பட்ட நான், என் தங்கச்சி மகனுக்குக் கொடுக்கிற மருந்தில் இதே கணக்கை எட்டு வாரம் தப்பாகப் போட்டு, அந்தத் தப்பை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியும் வைத்திருந்தேன். பிள்ளை இப்போது தவழ்கிறான், எதிரே வருகிற செருப்பையெல்லாம் வாயில் வைக்கிறான். ஆனாலும் ராத்திரி தண்ணீர் குடிக்க ஃபிரிட்ஜைத் திறக்கும்போது, அந்தத் தாள் ஒட்டியிருந்த இடத்தில் மிச்சமிருக்கும் பசைத் தடத்தைப் பார்த்தால் வயிற்றில் ஒன்று புரள்கிறது.

போன ஐப்பசியில் பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் பிறந்தான். மாசம் முழுசாக நிறைந்த பிள்ளை, எடை 2.4 கிலோதான். உடம்பெல்லாம் கொசு கடித்த மாதிரி சிவப்புப் புள்ளி. ‘வேர்க்குருவா இருக்கும்’ என்றாள் அம்மா. டாக்டரம்மா ஒரு புள்ளியை விரலால் அழுத்திப் பார்த்தார், மறையவில்லை. ரத்தத் தட்டணுக்கள் குறைவு, கல்லீரலும் மண்ணீரலும் கைக்குத் தட்டுகிற அளவு வீக்கம், தலைச் சுற்றளவும் கம்மி. ஒன்பதாம் நாள் பிள்ளையின் மூத்திரத்தை எடுத்து பி.சி.ஆர். சோதனைக்கு அனுப்பினார்கள். பிறந்து 21 நாளுக்குள் எடுத்துவிட வேண்டுமாம். அதற்கப்புறம் கிருமி இருக்கிறது என்று வந்தால், வயிற்றுக்குள்ளேயே தொற்றியதா, பிறந்தபிறகு தாய்ப்பால் மூலம் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. பன்னிரண்டாம் நாள் முடிவு வந்தது. சைட்டோமெகலோ வைரஸ். அதுவரை எங்கள் வீட்டில் யாரும் கேள்விப்படாத பேர். ஆச்சி கடைசி வரைக்கும் அதை ‘அந்தச் சைக்கிள் கிருமி’ என்றுதான் சொன்னாள்.

நம் ஊரில் பெரியவர்களில் பெரும்பாலானோர் உடம்பில் இந்த வைரஸ் சின்ன வயசிலேயே வந்து குடியேறி, சத்தம் காட்டாமல் கிடக்கிறது. கர்ப்ப காலத்தில் அது மறுபடி தலைதூக்கலாம், இல்லையென்றால் வேறொரு வகை புதிதாகத் தொற்றலாம். உலகக் கணக்கில் ஏறத்தாழ 200 பிறப்புக்கு ஒரு பிள்ளை இந்தத் தொற்றோடு பிறக்கிறது. அதில் பத்தில் ஒன்பதுக்குப் பிறக்கும்போது ஒன்றும் வெளியே தெரியாது. தெரிகிறவர்களுக்குத்தான் இந்தக் கல்லீரல், தட்டணு, மூளை, காது வம்பெல்லாம். சின்னப் பிள்ளைகளின் எச்சிலிலும் மூத்திரத்திலும் அதிகம் இருக்கும் என்று டாக்டரம்மா சொன்னதும் தங்கச்சி தலையைக் குனிந்துகொண்டாள். மூத்தவளுக்கு மூணு வயசு. அவள் மிச்சம் வைத்த சோற்றை ஏழு மாச வயிற்றோடு வழித்துச் சாப்பிட்டதை நானே பார்த்திருக்கிறேன். எந்த அம்மாதான் சாப்பிடாமல் இருக்கிறாள்? ‘இதனாலதான் வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா, நீ மனசப் போட்டு உழப்பாத’ என்றார் அவர். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். ஏனென்றால் அதற்குள் சம்பந்தி வீட்டில் கிரகணத்தன்று வெளியே வந்தாளா என்கிற விசாரணை தொடங்கியிருந்தது.

மருந்தும் அளவும்

மருந்தின் பேர் வால்கான்சிக்ளோவிர். முதலில் கான்சிக்ளோவிர்தான் இருந்தது. அதை நரம்பில் ஏற்ற வேண்டும், கிலோவுக்கு 6 மில்லிகிராம் வீதம் 12 மணிக்கு ஒரு தடவை, ஆறு வாரம். பச்சைப் பிள்ளைக்கு ஆறு வாரம் ஊசிக்குழாய் என்றால் யோசித்துப் பாருங்கள். 2003-இல் வந்த ஆய்வில் அந்த ஊசிமருந்து பெற்ற பிள்ளைகளில் பத்தில் ஆறு பேருக்கு வெள்ளை அணுக்கள் மோசமாக இறங்கின. வால்கான்சிக்ளோவிர் வாய்வழியே உள்ளே போய் உடம்புக்குள் கான்சிக்ளோவிராக மாறிக்கொள்கிற மருந்து. கிலோவுக்கு 16 மி.கி. கொடுத்தால் ரத்தத்தில் அந்த ஊசி அளவுக்குச் சமமாக நிற்கிறது என்று அளந்து கண்டுபிடித்தார்கள். 16 என்கிற எண் அப்படி வந்தது. பிறகு 2015-இல் அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் கிம்பர்லின் குழு, அறிகுறிகளோடு பிறந்த 96 பிள்ளைகளை எடுத்துக்கொண்டு, ஆறு வாரம் கொடுப்பதா ஆறு மாசம் கொடுப்பதா என்று பார்த்தது. ஆறாம் மாசம் காதுச் சோதனையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு வயசிலும் ரெண்டு வயசிலும் பார்த்தபோது ஆறு மாசக்காரர்கள் கொஞ்சம் முன்னே நின்றார்கள், மொழி வளர்ச்சியிலும்தான். ‘கொஞ்சம்’ என்கிற சொல்லை டாக்டரம்மா அழுத்தியே சொன்னார். மந்திர மருந்தென்று அவர் விற்கவில்லை. மருந்து வைரசைக் கொல்வதில்லை, பெருகவிடாமல் அமுக்கி வைக்கிறது, நிறுத்தினால் மறுபடி எழும்பும், காதும் மூளையும் வளர்கிற இந்த ஆறு மாசம் அமுக்கி வைத்தால் அதுவரை லாபம் என்றார்.

ஜங்ஷனில் மருந்துக்கடைக்காரர் சென்னைக்குச் சொல்லி வரவழைக்க நாலு நாள் ஆயிற்று. பொடியாக வரும், தண்ணீர் ஊற்றிக் கரைத்துத் தருவார்கள். ஒரு மில்லியில் 50 மி.கி. கரைத்த பாட்டிலை ஃபிரிட்ஜில் வைத்து 49 நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். பதினாறாம் நாள் தொடங்கினோம். அன்றைக்குப் பிள்ளையின் எடை சரியாக 2.5 கிலோ. 16-ஐ 2.5-ஆல் பெருக்கினால் 40 மி.கி., அதாவது 0.8 மில்லி. காலை ஆறு, சாயங்காலம் ஆறு, பால் குடித்த பிறகு. கணக்கு இத்தனை சுத்தமாக வந்ததில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்கூட இருந்தது.

அளந்து எடுப்பதில்தான் முதல் கூத்து. பெட்டிக்குள் மருந்தோடு வந்த உறிஞ்சியில் 25 மி.கி.க்கு ஒரு கோடு. அது உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்களை நினைத்துச் செய்தது, 40-ஐ அதில் எங்கே தேடுவது? கடைக்காரப் பையன் சின்ன சிரிஞ்ச் என்று கேட்டதும் இன்சுலின் சிரிஞ்சை எடுத்துக் கொடுத்துவிட்டான். மெலிசாக, கச்சிதமாக, எட்டு என்று ஒரு கோடும் இருந்தது. அம்மா அதில் எட்டு வரைக்கும் இழுத்தே விட்டாள். நல்லவேளை, பக்கத்து வீட்டு நர்ஸ் அக்கா அப்போதுதான் உள்ளே வந்தாள். ‘அத்தை, அது யூனிட்டு. நாப்பது கோடு சேந்தாத்தான் ஒரு மில்லி. எட்டுல பிள்ளைக்குக் கால்வாசி மருந்துதான் போவும்’ என்று பிடுங்கிப் போட்டாள். பிறகு ஒரு மில்லியை நூறாகப் பிரித்த சிரிஞ்ச் வாங்கி, ஊசியைக் கழற்றி வீசிவிட்டு, கன்னத்துப் பக்கமாகச் சொட்டுச் சொட்டாக விடப் பழகினோம். மருந்து கையில் பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், கர்ப்பிணிகள் பாட்டிலைத் தொடவே கூடாது. அப்போது ஆறு மாசமாக இருந்த சித்தி மகள் பிள்ளையைப் பார்க்க வந்தபோது அம்மா அவளை அடுக்களைப் பக்கமே விடவில்லை. அவளுக்கு அதில் மனத்தாங்கல், இன்னும் தீரவில்லை.

மாப்பிள்ளை துபாயில். அதனால் மருந்து, ரத்தம், டாக்டர் எல்லாம் தாய்மாமன் பொறுப்பு. மருந்துச் சீட்டைப் பார்த்து, பள்ளிக்கூடத்து வெள்ளைத்தாளில், பெரிய எழுத்தில் எழுதினேன்: ‘0.8 மில்லி. காலை 6, மாலை 6.’ சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் 0.8-ஐச் சுற்றி ஒரு வட்டம். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். வீட்டில் யார் கொடுத்தாலும் தப்பு வரக்கூடாதென்று.

414

முதல் ஆறு வாரம் வாரா வாரம் ரத்தம் பார்க்க வேண்டும். கல்லிடைக்குறிச்சியிலிருந்து பாளையங்கோட்டைக்கு ஒவ்வொரு தடவையும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போக வேண்டாம் என்று, பாலத்துக்கு அந்தப்பக்கம் அம்பாசமுத்திரத்திலேயே ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் எடுத்து, முடிவை வாட்ஸப்பில் டாக்டரம்மாவுக்கு அனுப்புவோம். அந்தத் தாளில் மொத்த வெள்ளை அணு ஒரு வரியில் இருக்கும், அதில் கிருமியோடு மல்லுக்கட்டுகிற நியூட்ரோபில் என்கிற வகை எத்தனை சதவீதம் என்பது வேறொரு வரியில் இருக்கும். ரெண்டையும் பெருக்கினால் வருவதுதான் முக்கியம். அது 500-க்குக் கீழே போனால் மருந்தை நிறுத்த வேண்டும், 750-க்கு மேலே ஏறினால் திரும்பத் தொடங்கலாம். எனக்கு இது பிடித்த வேலை. தாளை வாங்கிய கையோடு ஆட்டோ ஸ்டாண்டில் நின்றே மனக்கணக்காகப் போட்டுவிடுவேன். 2100. 1760. 1390. இறங்கிக்கொண்டே வந்தது. நாலாம் வார முடிவில் நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். அன்றைக்கு மழை, ஆற்றில் செம்மண் கலரில் வெள்ளம், தொட்டிலை விட்டுப் பிள்ளையை எடுக்கவே பயந்தாள் அம்மா. போனில் பேசிக்கொண்டோம். ரத்தம் பரவாயில்லை, அடுத்த வாரம் பார்ப்போம் என்று முடிந்தது. அடுத்த வாரம் மொத்தம் 4600, நியூட்ரோபில் 9 சதவீதம். 414.

அந்த ஒரு வாரத்தை எழுத எனக்கு இஷ்டமில்லை. மருந்தை நிறுத்தினோம். யாரையும் வீட்டுக்குள் விடவில்லை. மூத்தவளைக்கூட அத்தை வீட்டுக்கு அனுப்பினோம், அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிள்ளைக்கு மேல் சுடுகிறதா என்று மணிக்கு ஒரு தரம் தங்கச்சி தொட்டுப் பார்த்தாள். அடுத்த வாரம் 5200, 18 சதவீதம், 936. டாக்டரம்மா தொடங்கலாம் என்று செய்தி அனுப்பினார். ‘அதே அளவா?’ என்று கேட்டேன். ‘அதே அளவு’ என்று பதில் வந்தது. அவர் நினைத்த ‘அதே அளவு’ எது, நான் நினைத்தது எது என்பதில்தான் இந்தக் கட்டுரை முழுக்க இருக்கிறது. மறுபடி ஃபிரிட்ஜ் கதவைப் பார்த்தோம். சிவப்பு வட்டத்துக்குள் 0.8.

உரசு

ஆச்சிக்கு 84 வயசு. எங்கள் வீட்டில் பிறந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் உரைமருந்து கொடுத்த கை. சோற்றுப் பானையில் வேகவைத்துக் காயப்போட்ட ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு, விளக்கில் சுட்ட பேர் சொல்லாதது. வசம்பைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாள். எல்லாவற்றையும் கல்லில் தாய்ப்பால் விட்டு உரசி, சங்கில் வழித்து, குளிப்பாட்டிய சூட்டோடு புகட்டுவாள். இந்தப் பிள்ளைக்கு அதெல்லாம் கூடவே கூடாது என்று டாக்டரம்மா முதல் நாளே சொல்லிவிட்டார், வீங்கிய கல்லீரலில் எதையும் கொண்டுபோய்ப் போடாதீர்கள் என்று. அதிலிருந்து ஆச்சிக்கு எங்கள்மேல் ஒரு மௌன விரதம். உரைகல்லைக் கழுவித் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டு, நாங்கள் சிரிஞ்சில் மருந்து எடுப்பதைத் திண்ணையில் உட்கார்ந்து பார்ப்பாள். அவ்வளவுதான்.

எட்டாம் வாரம், ஒரு புதன்கிழமை. பிள்ளைக்குப் பத்து வாரத் தடுப்பூசி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டுக்கொண்டு திரும்பி, சாயங்கால மருந்துக்குச் சிரிஞ்சை இழுத்துக்கொண்டிருந்தேன். ஆச்சி கேட்டாள்.

‘ஏல, நர்ஸு என்ன எடை சொன்னா?’

‘நாலு கிலோ ஆச்சி. நல்லா ஏறிருக்கான்.’

‘வந்தப்ப?’

‘ரெண்டரை.’

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, என்னைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: ‘நான் உரசிக் குடுக்கையில மொத மாசம் ஒரு உரசு. ரெண்டாம் மாசம் ரெண்டு. பிள்ள வளர வளர உரசு கூட்டணும், இல்லன்னா வயித்துக்கு எட்டாது. ஒங்க இங்கிலீசு மருந்துக்கு அந்தக் கணக்கு ஒண்ணும் கெடையாதோல?’

சிரிஞ்சை மேசைமேல் வைத்தேன். வைத்ததுகூட ஞாபகம் இருக்கிறது, பிஸ்டன் நழுவி ரெண்டு சொட்டு மேசையில் சிந்தியது, வழக்கமாகப் பதறிப்போய்த் துடைப்பேன், அன்றைக்குத் துடைக்கவில்லை. பீரோவில் இருந்த மருந்துச் சீட்டை எடுத்தேன். நான் 0.8-ஐப் பார்த்து எழுதிய அதே சீட்டு. மேலே மருந்தின் பேர். அதற்குக் கீழே, 0.8 மில்லிக்கு முந்தின வரியில், டாக்டர் கையெழுத்தில் தெளிவாக ‘16 மி.கி./கிலோ’. ஓரத்தில் ‘எடை மாதந்தோறும்’. ரெண்டும் முதல் நாளிலிருந்து அங்கேயே இருக்கின்றன. நான் விடையை மட்டும் பார்த்து எழுதியிருக்கிறேன். மாறிலியைப் பீரோவில் பூட்டிவிட்டு, மாறியைக் கொண்டுபோய் ஃபிரிட்ஜில் ஒட்டி, சிவப்பு வட்டமும் போட்டிருக்கிறேன்.

தாய் சேய் நல அட்டையைத் திறந்தேன். ஆறு வாரத் தடுப்பூசியன்று எழுதிய எடையும் அதில் இருந்தது, 3.2. அன்றைக்கே 40 மி.கி. என்பது கிலோவுக்கு 12.5 ஆகிவிட்டிருந்தது. இன்றைக்கு 10. பிள்ளை ஏறும் ஒவ்வொரு நூறு கிராமுக்கும் நாங்கள் சக்கரைப் பொங்கல் வைக்காத குறைதான். மாப்பிள்ளைக்கு வீடியோ போட்டுக் காட்டினோம், கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்தோம். எடை ஒரு அட்டையில் ஏறிக்கொண்டே போயிருக்கிறது, மருந்து ஒரு கதவில் அசையாமல் நின்றிருக்கிறது, ரெண்டுக்கும் நடுவில் நாலு அடி தூரம். ரத்தத் தாளில் ரெண்டு வரியைப் பெருக்கத் தெரிந்தவனுக்கு இந்த ரெண்டையும் பெருக்கத் தோன்றவில்லை.

அன்று ராத்திரியே டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். குற்றத்தை ஒப்புக்கொள்கிற குரலில்தான் பேசியிருப்பேன். அவர் கேட்டது ஒன்றுதான், ‘இப்ப எடை என்ன சார்?’ சொன்னேன். பதில் வர ரெண்டு விநாடி ஆயிற்று. ‘அறுபத்திநாலு மி.கி. 1.28 குடுங்க. அன்னைக்குத் திரும்பத் தொடங்கச் சொன்னப்ப நானும் எடையக் கேட்டிருக்கணும். அதே அளவுன்னா எனக்குப் பதினாறு. ஒரு வாரம் கழிச்சு ரத்தம் பாத்துருவோம்.’ அவரும் தன் பங்கை எடுத்துக்கொண்டது எனக்கு ஆறுதலாக இருந்ததா, இன்னும் பாரமாக இருந்ததா என்று இப்போதும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அந்தக் குறைந்த வாரங்களால் பிள்ளைக்கு ஏதாவது நட்டமா என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். கேட்டிருக்கவே வேண்டாம்.

தங்கச்சிக்குத்தான் சம்மதிக்க மனமில்லை. ‘கூட்ட வேண்டாம்ணே. கம்மியாப் போனதாலதான் ரத்தம் தேறி வந்துருக்கு. மறுபடி நானூறுக்கு எறங்குனா?’ அவளைக் குறை சொல்ல மாட்டேன். மருந்துப் பெட்டிக்குள் இருந்த தாளில், மிருகங்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது புற்று வந்தது, பிள்ளை பெறும் சக்திக்கு ஆபத்து என்றெல்லாம் பொடி எழுத்தில் இருந்ததை அவள் செல்போனில் பெரிதாக்கிப் படித்திருந்தாள். விஷம் மாதிரியான மருந்து என்று மனசில் விழுந்துவிட்டால், கம்மியாகக் கொடுப்பது பத்திரம் என்றுதான் எந்தத் தாய்க்கும் தோன்றும். அவளுக்கு மட்டுமா? ரத்தம் இறங்கிய வாரத்துக்குப் பிறகு 0.8-ஐக் கேள்வி கேட்காமல் நான் ஒட்டிக்கொண்டதற்கும் உள்ளுக்குள் அதே பயம் காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் கம்மி என்பது நடுவழி கிடையாது. வைரசை அமுக்கும் அளவுக்குப் போதாமல், ரத்தத்தை மட்டும் பதம் பார்க்கிற அளவுக்கு உள்ளே போய்க்கொண்டிருந்தால், ரெண்டு பக்கத்து நட்டமும் பிள்ளைக்குத்தான். இறங்கினால் நிறுத்துவதற்கு 500 என்று ஒரு கோடு இருக்கிறது, அதற்காகத்தானே ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறோம் என்று அவளிடம் மணிக்கணக்கில் பேசினேன். கடைசியில் என் பேச்சுக்கு இல்லை, ஆச்சி ‘ஏட்டி, குடு’ என்று ஒரு சத்தம் போட்டதற்குத்தான் அசைந்தாள்.

அடுத்த வாரம் 1180. அதற்கப்புறம் 1000-க்குக் கீழே இறங்கவேயில்லை. ஆறு மாசமும் முடிந்தது. காது கேட்கிறதா என்று பார்க்கும் பெரா சோதனையில் வலது காது சரி, இடது காதில் கொஞ்சம் சத்தமாகச் சொன்னால்தான் எட்டுகிறது. பள்ளிக்கூடம் போகிற வயசு வரைக்கும் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்லியிருக்கிறார்கள், தாமதமாகவும் இறங்குமாம். இடது பக்கம் நின்று கூப்பிட்டால் அவன் வலது பக்கம் திரும்பித் தேடுவான். மூத்தவளுக்கு அது ஒரு விளையாட்டு.

1.28 என்பது ஒரு மில்லி சிரிஞ்சில் அடங்காது, ரெண்டு மில்லி சிரிஞ்சில் அத்தனை நுணுக்கமான கோடு கிடையாது. அதனால் அதே சின்ன சிரிஞ்சில் முதலில் ஒரு மில்லி, பிறகு 0.28 என்று ரெண்டு தடவை இழுத்துக் கொடுத்தோம். கதவில் பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதுசாக ‘16 × எடை ÷ 50’ என்று எழுதி, பக்கத்தில் தேதி, எடை, மில்லி என மூன்று கட்டம் போட்டேன். அடுத்த மாசம் எடை பார்த்துவிட்டு வந்த அன்று, 4.6 கிலோ, அந்தக் கட்டங்களை நிரப்பிக்கொண்டிருந்தபோது ஆச்சி திண்ணையிலிருந்து கேட்டாள்.

‘இப்ப எத்தன உரசுல?’

பெருக்கி வகுத்தேன். 1.47.

‘ஒண்ணரைக்குக் கொஞ்சம்போலக் கம்மி ஆச்சி.’